செம்மொழியும் வெளியே பிறந்தவர்களும்

செம்மொழி எங்கள் மருத்துவமனையில் ஈசிஜி எடுப்பவள். வயது முப்பத்தாறு. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தாலுகா ஊர் அது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. நான் இன்னும் அங்கேதான் செவிலியராக இருக்கிறேன்.

அவளுடைய அப்பா இராஜாங்கமும் அம்மா காத்தாயியும் பண்ணைகளில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார்கள். தம்பி இனியவன் குவைத்தில் வெல்டர். செம்மொழிக்குக் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் அது முறிந்துபோனது. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. பெற்றோருடன் கிராமத்தில் இருந்துகொண்டு தினமும் ஸ்கூட்டியில் வந்துபோவாள்.

அதிகம் பேசமாட்டாள். நெஞ்சில் ஜெல்லைத் தடவி ஒயர்களை மாட்டும்போது மட்டும் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்பாள். பேர் என்ன, வயது என்ன, வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வராமல் காகிதத்தைக் கிழித்துத் தரமாட்டாள். டாக்டர்களே சில சமயம் எரிச்சல்படுவார்கள்.

போன வருடம் ஜூன் கடைசி. மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காலை பத்து மணிக்குப் புற நோயாளிகள் பிரிவுக்கு மூன்று பேர் வந்தார்கள். வங்காளத்திலிருந்து நடவுக்கு வந்தவர்கள் என்று பேச்சிலும் காலில் காய்ந்திருந்த சேற்றிலும் தெரிந்தது. நடுவில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, “கேஸ், கேஸ்” என்றார். அந்த ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நம் ஊர்க்காரர்களும் நாள் தவறாமல் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். எப்போதிலிருந்து வலி என்று கையை ஆட்டிக் கேட்டேன். கூட வந்தவர், “கால், கால்” என்றார்.

நான் குனிந்து அந்த மனிதரின் காலைப் பார்த்தேன். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தது. கெண்டைக்காலை அழுத்தி, “இங்கயா வலிக்குது?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சீட்டில் வயிற்று வலி, கால் வலி என்று எழுதினேன். டாக்டர் வரிசையைத் தாண்டி எட்டிப் பார்த்து ஒரு ஊசி எழுதினார். போட்டுவிட்டு, அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

செம்மொழி அந்தப் பக்கமாக வந்தவள் பெஞ்சருகே நின்றாள்.

“ஃபிளோரா அக்கா, இவருக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

“வெயில்ல நடந்து வந்திருக்காங்க. கேஸ் டிரபுள்தான்.”

அவள் உள்ளே போய் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதன் ஒரு சக்கரம் எப்போதும் மக்கர் பண்ணும். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். நாங்கள் நெஞ்சை அழுத்தினோம், மாறி மாறி அரைமணி நேரம். கடைசியில் செம்மொழி எடுத்த காகிதத்தில் கோடு நேராகப் போயிருந்தது.

அதன் பிறகுதான் அவள் கூட வந்தவரிடம் தன் கைப்பேசியை நீட்டி அவருடைய மொழியில் பேசச் சொன்னாள். அவர் சொன்னதை அது தமிழில் எழுத்தாக மாற்றிக் காட்டியது. நேற்று மதியம் நட்டுக்கொண்டிருக்கும்போது வலி ஆரம்பித்ததாம். கால் என்றால் அவர்கள் மொழியில் நேற்று.

பெயர் ரொதின் மொண்டல். எங்கள் சீட்டில் ரத்தினம் என்று இருந்தது. ஊர் என்ற கட்டத்தில் ‘வடக்கு’ என்று எழுதியிருந்தது. ஆதார் அட்டையிலிருந்த பெயரும் சீட்டிலிருந்த பெயரும் ஒத்துப்போகாததால் உடல் நான்கு நாள் பிணவறையில் கிடந்தது. செம்மொழி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஈசிஜி பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். இரண்டு வருடப் பதிவேடு. மாரடைப்பு என்று உறுதியானவர்களை மட்டும் பிரித்து, ஒவ்வொருவரின் எண்ணுக்கும் போன் செய்தாள். எந்த ஊரில் பிறந்தவர்? இருக்கிறாரா, இல்லையா? வலி ஆரம்பித்து எத்தனை மணி நேரம் கழித்து வந்தீர்கள்? ஆகஸ்ட் கடைசி வரை இதே வேலை. சாப்பாட்டு டப்பாவை மூடிய வாக்கில் வீட்டுக்கு எடுத்துப்போன நாட்கள் உண்டு.

ஒருநாள் டாக்டர் அஸார் ரவுண்ட்ஸ் முடித்து வந்தபோது ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர்தான் எங்கள் மருத்துவமனையின் பொது மருத்துவர். நிதானமானவர்.

“என்ன இது?”

“சார், இந்த ஜில்லாவுலயும் பக்கத்து ஜில்லாவுலயும் பொறந்தவங்க நூத்திமூணு பேரு. ஒரு மாசத்துக்குள்ள எறந்தவங்க பதினோரு பேரு. வெளி மாநிலத்துல பொறந்தவங்க பத்தொன்பது பேரு. நடவுக்கு வந்தவங்க, ரைஸ்மில்லுல மூட்டை தூக்குறவங்க, டைல்ஸ் போடுறவங்க. அதுல எட்டுப் பேரு இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பத்தொன்பது பேர வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லமுடியாதும்மா. ரொம்பச் சின்ன எண்ணிக்கை.”

“சரிங்க சார். வயச பாருங்க. நம்ம ஆளுங்களுக்குச் சராசரி அம்பத்தெட்டு. அவங்களுக்கு நாப்பத்திமூணு. சின்ன வயசுக்காரங்க பொழைக்கணும்ல?”

அவர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் அவருடைய விரல் நின்றது. அதில் மணிக்கணக்கு இருந்தது. உள்ளூர்க்காரர்கள் சராசரியாக மூன்று மணி நேரத்தில் வந்திருந்தார்கள். மற்றவர்கள் பதினோரு மணி நேரம்.

“ரத்தக்குழாய்க்கு எந்த ஊருன்னு தெரியாது செம்மொழி,” என்றார் கடைசியில். “அடைச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் அடைக்கும். நம்ம ஆளு நெஞ்சப் புடிச்சா பொண்டாட்டி பாத்துடுவா, பக்கத்து வீட்டுக்காரன் பைக்க எடுப்பான். சுகர் மாத்திரை என்னன்னு யாராவது சொல்லுவாங்க. இவங்களுக்கு அது எதுவும் இல்ல. இடையில போற அந்த எட்டு மணி நேரத்துலதான் சாகுறாங்க.”

மாதாந்திரக் கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார். பேசவும் செய்தார். பலனாக ஒரு சுவரொட்டி வந்தது. நெஞ்சு வலியின் அறிகுறிகள் என்று படம் போட்டு இந்தியில் எழுதியிருந்தது. எங்கள் பகுதிக்கு நடவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். இந்தி எழுத்தும் தமிழ் எழுத்தும் அவர்களுக்கு ஒன்றுதான். சுவரொட்டியைக் கழிவறைக்குப் போகும் வழியில் ஒட்டினார்கள்.

அன்று சாயங்காலம் செம்மொழி குவைத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“இனியா, உனக்கு நெஞ்சு வலிச்சா அங்க யாருகிட்டடா சொல்லுவ?”

“என்னக்கா, எடுத்தவுடனே இப்புடிக் கேக்குற?”

“சொல்லுடா. என்ன பாஷையில சொல்லுவ?”

அவன் சிரித்தான். “ஃபோர்மேன்கிட்ட சொல்லணும். அவரு எகிப்துக்காரரு. வலின்னா அவங்க பாஷையில என்னன்னு தெரியாது. கையக் காட்ட வேண்டியதுதான். போன மாசம் ஆந்திராக்காரரு ஒருத்தரு மதியானம் ரூம்லயே படுத்தவரு எந்திரிக்கல. அம்பத்தோரு வயசு.” பிறகு, “அதெல்லாம் வயசானவங்களுக்குக்கா. எனக்கு முப்பத்திரெண்டுதான ஆவுது,” என்றான்.

அவள் போனை வைத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் சம்பா நடவுக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். இந்த முறை ஒரு கூட்டம் செம்மொழியின் கிராமத்துக்கே வந்தது. இருபத்திரண்டு ஆண்கள். பாழடைந்த நெல் கிடங்கு ஒன்றில் தங்கியிருந்தார்கள். இராஜாங்கமும் அவர்களையே தம் மூன்று மாவுக்கு அமர்த்திக்கொண்டார். வீட்டில் அதற்குப் பெரிய சண்டை. காத்தாயி முப்பது வருடம் நடவுக்குப் போனவர். இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நட்டவர்.

“சொந்த வயல்ல நட நான் இல்லியா? என் வயிறு எரியுது,” என்று கத்தியிருக்கிறார்.

“பொம்பளையாளு எங்க கெடைக்குது? அவனுங்க ஒரே நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவானுங்க,” என்று இராஜாங்கம் சொல்லியிருக்கிறார்.

காத்தாயி சாப்பிடாமல் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது வேறு.

“பாப்பா, அவனுங்கள்ல தலைவன் மாரி ஒருத்தன் இருக்கான் பாரு, உசரமா, நரைச்ச மீசை. அவன் ஒடம்பு சரியில்லடி.”

“ஏம்மா?”

“நாள் பூரா குனிஞ்சு நடுறவனுக்கு இடுப்பு புடிக்கும், தொடை புடிக்கும். அவன் நிமிர்றப்பல்லாம் தாடையப் புடிக்கிறான். வரப்புல ஏற ரெண்டு தடவ நிக்குறான். நாத்துமுடி தூக்கிட்டுப் பத்தடி நடந்தா எடது கைய ஒதறுறான். எத்தன பேரு நட்டுப் பாத்திருக்கேன், இது நடவு வலி இல்ல.”

செம்மொழி அப்போதே கிடங்குக்குப் போனாள். அந்த மனிதரின் பெயர் சுபல் ஹல்தார். முர்ஷிதாபாத் பக்கம். நாற்பத்துநான்கு வயது. ஆறு வருடமாக இங்கே வருவதால் உடைந்த தமிழ் பேசுவார். அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றாள். ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் அடுப்பருகே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆஸ்பத்திரி வேணாம் தீதி,” என்றார் சுபல். அக்கா என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“ஏன்?”

“ரொதின் போச்சு. வர்ல. ஹாபிபுல் போச்சு, வர்ல. நித்தாய் போச்சு. ஆஸ்பத்திரி போற ஆளு வர்றதில்ல.” அவர் விரல்களை மடக்கிக்கொண்டே சொன்னார். குரலில் கோபமில்லை. ஆற்றில் எந்த இடத்தில் சுழல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் என்னிடம் இதைச் சொல்லும்போது செம்மொழியின் முகம் வெளுத்திருந்தது. “அக்கா, அந்த மூணு பேரும் நம்ம பதிவேட்டுல இருக்காங்க. அவரு சொல்றது பொய்யில்ல. லேட்டா வர்றாங்க, அதனால சாகுறாங்க. செத்துட்டாங்கன்னு அடுத்தவன் இன்னும் லேட்டா வர்றான். இத எங்க போயி நிறுத்துறது?”

டாக்டர் அஸாரிடம் கேட்டோம். கிராமங்களுக்குப் போகும் மருத்துவ முகாம் வாகனத்தில் இயந்திரத்தை ஏற்றிப்போக அவர் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் செம்மொழியும் கிடங்குக்குப் போனோம். வானம் மூடியிருந்தது. கட்டிலைப் போட்டு, ஒயர்களைப் பிரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. இருபத்திரண்டு பேரும் சுவரோரமாக நின்று ஒயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் வைத்துவிடுவார்கள் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது.

வாசலில் காத்தாயி வந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நேராக வந்து கட்டிலில் படுத்தார்.

“சிஸ்டர், ஒரு துணிய மறைச்சுப் புடி. பாப்பா, ஒயர மாட்டு. இவனுங்க பாக்கட்டும்.”

நான் வண்டியிலிருந்த போர்வையை விரித்துப் பிடித்தேன். இயந்திரம் ஓடியது, காகிதம் வந்தது. காத்தாயி எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுபலைப் பார்த்தார். “எந்திரிச்சுட்டேன்ல? வா, படு.”

சுபல் வந்து படுத்தார். செம்மொழி மூன்று கேள்விகளையும் கேட்டாள். வலி பதினைந்து நாளாக வந்து வந்து போகிறதாம். காகிதம் வெளியே வரவர அவள் விரலிடுக்கில் பிடித்து நகர்த்திக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். எனக்கும் தெரிந்தது. கோடு இருக்கவேண்டிய இடத்தைவிடத் தாழ்ந்து கிடந்தது. அடைப்பு முழுதாக விழவில்லை, விழப்போகிறது என்பதற்கான அடையாளம். அவருக்குப் பிறகு படுத்த ஒன்பது பேருக்கும் கோளாறு இல்லை. மீதிப் பேர் கடைசி வரை கட்டில் பக்கம் வரவே இல்லை. டாக்டருக்குப் படம் பிடித்து அனுப்பினோம். இன்றைக்கே தஞ்சாவூருக்கு அனுப்பு என்று பதில் வந்தது.

“இன்னிக்கே போகணும்ணே. நானே கூட வர்றேன்,” என்றாள் செம்மொழி.

சுபல் சட்டையை மாட்டிக்கொண்டார். “கால், தீதி,” என்றார். நாளைக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்.

மன்றாடிப் பார்த்தாள். மாத்திரைகளை மட்டும் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அவள் கிடங்குக்குப் போனபோது கதவு திறந்துகிடந்தது. அடுப்பில் சாம்பல் இருந்தது, ஆள் இல்லை.

கூட்டத்தை அழைத்து வந்த மேஸ்திரியின் பெயர் பஞ்சநதம். போனில் அவர் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஆளுங்கள படுக்கவச்சு ஒயரு மாட்டிப் பயமுறுத்திட்டீங்க. ரெண்டு பேரு ஊருக்கு ரயிலேறிட்டான். மிச்சப் பேரையும் விட்டா நடவு என்னாவுறது? வேற எடத்துக்கு அனுப்பிட்டேன்.”

“சுபல் அண்ணனுக்கு ஹார்ட்டுல பிரச்சினைங்க. அவர மட்டும் எங்க இருக்காருன்னு சொல்லுங்க.”

“அவன் நல்லாத்தான் இருக்கான். வேன்ல அவன்தான் முன்னாடி உக்காந்து போனான்.” வைத்துவிட்டார். அதன் பிறகு அவள் எண்ணிலிருந்து அழைத்தால் எடுக்கவில்லை. சுபலின் எண் அணைக்கப்பட்டிருந்தது.

மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு செம்மொழி ஸ்கூட்டியில் தேடினாள். எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு வீணான வேலை என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்கெட்டிய வரை வயல், எல்லா வயலிலும் ஆட்கள், எல்லோரும் முதுகைக் காட்டிக் குனிந்திருப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் வண்டியை நிறுத்தி, “சுபல்!” என்று கத்துவாள். முதுகுகள் நிமிரும். வேறு முகங்களாக இருக்கும். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நாம்தான் அவரைத் துரத்திவிட்டோம் அக்கா என்று இரண்டாம் நாள் போனில் சொன்னாள்.  எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கண்டுபிடித்தது காத்தாயிதான். தன்னோடு நட்ட பெண்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ, எல்லோருக்கும் போன் செய்தார். வியாழக்கிழமை காலை வடவாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி அழைத்தாள். நரைத்த மீசைக்காரன் ஒருவன் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வயலில் நடுகிறான் என்றாள். அம்மாவும் மகளும் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள்.

அவர்கள் போனபோது மணி பத்தே முக்கால். சுபல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த நேரம் மழை இல்லை. மற்றவர்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாத்தியை முடித்துவிட்டு அவரைத் தங்கியிருந்த இடத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கலாம் என்று நினைத்தார்களாம்.

“எப்பண்ணே ஆரம்பிச்சுது?”

அவர் கையைத் தூக்கிச் சூரியன் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே காட்டினார். முக்கால் மணி நேரம் இருக்கும்.

ஆம்புலன்ஸ் வந்து, எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தபோது பதினொன்று நாற்பது. கோடு இப்போது எகிறி நின்றது. முழு அடைப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசி எங்களிடம் இருந்தது. டாக்டர் அஸார் தயாராக நின்றார். படிவத்தில் உறவினர் கையெழுத்து வேண்டும். அந்த ஊசியால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியும் என்பதால் கையெழுத்து இல்லாமல் போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். உறவினர் இல்லையென்றால் இரண்டு டாக்டர்கள் போட வேண்டும். இன்னொருவர் அன்று நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தார். பஞ்சநதம் போனை எடுக்கவில்லை.

“நான் போடுறேன்,” என்றார் காத்தாயி.

“என்ன உறவுன்னு எழுதணும்மா,” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “எங்க வயல்ல நட்டவன். அத எழுது.”

டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். எழுதினேன். காத்தாயி ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துத் தன் பெயரைப் போட்டார். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊசி உள்ளே போனது. ஒன்றேகால் மணிக்கு செம்மொழி எடுத்த காகிதத்தில் கோடு இறங்கியிருந்தது. சுபல் தண்ணீர் கேட்டார்.

அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பி, அங்கே ஸ்டென்ட் வைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பை நிறைய மாத்திரைகளோடு எங்களைப் பார்க்க வந்தார். உடன் வந்த நான்கு பேரும் தாங்களாகவே செம்மொழியின் அறைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தார்கள். ரொதின் சரிந்து விழுந்த அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போனார்கள். அவள் அன்று சிரித்ததை நான் பார்த்தேன். மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது, ஒரு வருடத்துக்கு, என்று கைப்பேசியில் மொழிபெயர்த்து நான்கு தடவை கேட்கவைத்தாள். அவர் தீபாவளிக்கு முன்பு ஊருக்கு ரயிலேறினார்.

நவம்பரிலும் டிசம்பரிலும் வாரம் ஒருமுறை பேசினார்கள். நன்றாக இருக்கிறேன், கிராமத்தில் குளிர் என்பார். ஜனவரியில் இரண்டு வாரம் போன் போகவில்லை. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் அவருடைய மனைவி எடுத்தாள். அழுதுகொண்டே அவள் சொன்னதைக் கைப்பேசி துண்டு துண்டாக எழுத்தில் காட்டியது. மாத்திரை தீர்ந்துவிட்டது. சீட்டைக் கடையில் காட்டினார்கள், அந்த மருந்து இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரமும் வரவில்லை. காலையில் வலி வந்தது. கிராமத்திலிருந்து ஆற்றைப் படகில் கடந்து, அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். படகு எதிர்க்கரையில் இருந்தது.

செம்மொழி கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“அவரு பொறந்த ஊருதான்க்கா அது,” என்றாள். “பொண்டாட்டி பக்கத்துல இருந்துருக்கா. பாஷை தெரிஞ்சவங்க சுத்தி இருந்துருக்காங்க. அங்கயும் நேரம் பத்தல.” பிறகு, “நான் இவ்வளவு நாளா இங்க வந்து சாகுறாங்களேன்னு மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்,” என்றாள்.

காத்தாயியிடம் யார் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினோம். வயலுக்குப் போய்ச் சொன்னோம். அங்கே அறுவடை நடந்துகொண்டிருந்தது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் போனார். அரைமணி நேரம் கழித்து வந்து மறுபடி அரிவாளை எடுத்தார்.

இந்த ஜூனில் தண்ணீர் திறக்கும் தேதி அறிவித்ததும் செம்மொழி என்னிடம் வந்தாள். நடவு ஆட்கள் திருச்சியில்தான் ரயிலிலிருந்து இறங்குகிறார்கள், அங்கிருந்து வேன்களில் பிரிந்து போகிறார்கள், போய்ச் சேருமுன்பே பிடித்துவிட வேண்டும் என்றாள். டாக்டர் அஸார் உதவியோடு வங்காள மொழியில் ஒரு சின்ன அட்டை அச்சடித்திருந்தோம். நெஞ்சு, தாடை, இடது கை, வேர்வை, ஒரு மணி நேரத்துக்குள் வரவும், எங்கள் எண். கீழே தமிழிலும் இருந்தது, அவர்கள் யாரிடமாவது நீட்டிக் காட்டலாம் என்பதற்காக.

மதியம் மூன்று மணிக்கு ரயில் வந்தது. நிலையத்துக்கு வெளியே வேன்கள் வரிசையாக நின்றன. தோளில் பையும் தலையில் சாக்குமாக அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இருநூறு பேருக்குக் குறையாது. முக்கால்வாசிப் பேர் இளைஞர்கள். சிலர் அட்டையை வாங்கிப் படித்தார்கள். சிலர் வாங்கி மடித்துப் பையில் வைத்தார்கள். ஒரு பெரியவர் படித்துவிட்டு, எங்களைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மேஸ்திரிகள் அவசரப்படுத்தினார்கள். அரைமணி நேரத்தில் எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

எட்டு வேன்கள். எந்த ஊருக்குப் போகிறது என்று செம்மொழி ஒவ்வொரு ஓட்டுநரின் ஜன்னலாகப் போய்க் கேட்டாள். நான் எழுதிக்கொண்டேன். ஐந்து பேர் சொன்னார்கள். மற்ற மூன்று பேர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்கள்.